சேதாரக் கணக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் பட்டறை ஒன்றில், கண்ணாடிக் கூண்டுக்குள் காற்றுப் படாமல் வைத்திருந்த சிறிய மின்தராசின் தட்டில், என் நண்பர் ஒருவர் ஒரு மாலை வேளையில் பன்னிரண்டு போல்ட்டுகளை ஒவ்வொன்றாக வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு பழையவை, எஃகினால் ஆனவை. ஆறு புதியவை, அன்று காலைதான் தபாலில் வந்து சேர்ந்த டைட்டேனியம் போல்ட்டுகள். அவருடைய பந்தயச் சைக்கிளின் ஹாண்டில்பாரைப் பிடித்து நிறுத்துகிற ஸ்டெம் என்ற குட்டைக் குழாயில் முடுக்கப்பட வேண்டியவை. வீட்டுச் சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழ்ப்பட்ட எதையும் பொருட்படுத்துவதில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர் என்னையும் இழுத்துக்கொண்டு அங்கே வந்திருந்தார். எஃகு போல்ட் 3.28 கிராம், டைட்டேனியம் 1.88 கிராம். ஒன்றுக்கு 1.40 வீதம் ஆறுக்கும் சேர்த்து 8.40 கிராம் மிச்சம், அதாவது ஒரு சவரனுக்குச் சற்றே அதிகம். விலை 1,200 ரூபாய்.

கொலுசுக்காரர் விவரத்தை முழுவதும் கேட்டுவிட்டு, "எடை கூடினா நாங்க காசு வாங்குவோம். நீங்க எடை குறைஞ்சதுக்கா காசு குடுத்தீங்க, தம்பி?" என்றார்.

"ஏற்காடு ஏறணும்ல, அண்ணே" என்றார் நண்பர்.

"அப்பச் சரி. பூராவும் சேதாரத்துலயே போயிருக்கு."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனாலும் பந்தயச் சைக்கிள் உறுப்புகளின் விலை விவகாரத்தை விளக்குவதற்கு அதைவிடப் பொருத்தமான சொல்லை நான் இதுவரையில் கண்டதில்லை. நகைக்கடையில் நாம் உலோகத்துக்கு ஒரு விலையும், அதை நகையாக்கிய கைகளுக்குச் செய்கூலியும், அராவியும் உருக்கியும் வேலை செய்கையில் போன துகளுக்குச் சேதாரமும் தருகிறோம். சைக்கிள் உலகத்தின் உயர்ந்த படிகளுக்குப் போகப்போக, முதலாவது இனம் அற்பமாகித் தேய்ந்து, பின்னிரண்டு இனங்களுமே பில்லை நிரப்பிவிடுகின்றன. அலுமினியம் கட்டியாக வாங்கினால் மலிவான சரக்கு. அந்தக் கட்டியை யந்திரத்தில் ஏற்றி, பெரும்பகுதியைச் சுருள் சுருளாகச் சீவித் தள்ளி, எஞ்சிய எலும்புக்கூட்டை மட்டும் விற்கும்போது, நாம் பணம் கொடுப்பது தரையில் கிடக்கிற அந்தச் சுருள்களுக்குத்தான். கார்பன் இழையினால் செய்த உறுப்புகளிலோ செய்கூலியே பிரதானம்: பிசின் தோய்த்த இழைத்தாளை நூற்றுக்கணக்கான துண்டுகளாகக் கத்தரித்து, எந்தத் துண்டின் இழை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்ற வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் கையாலேயே அச்சுக்குள் படிய வைத்து, பிறகு சூட்டில் இறுக வைக்கிறார்கள். பத்து கிராம் குறைய வேண்டுமானால் துண்டுகளின் எண்ணிக்கை குறைவதில்லை; பெரும்பாலும் அதிகரிக்கிறது.

நம் ஊர்களில் பால்காரரும் தபால்காரரும் ஒரு தலைமுறைக் காலம் ஓட்டிய கறுப்புச் சைக்கிள் 20 கிலோவை ஒட்டிய கனமுடையது. வளைந்த ஹாண்டில்பாரும் மெல்லிய டயரும் கொண்ட சாலைப் பந்தயச் சைக்கிளில் ஆரம்பக்காரர் வாங்குவது 10 கிலோவை ஒட்டியிருக்கும். பணமுள்ளவர் வாங்குவது 7 கிலோவை ஒட்டியிருக்கும். இருபதிலிருந்து பத்துக்கு இறங்குவதற்கு ஆகும் செலவு, பத்திலிருந்து ஏழுக்கு இறங்குவதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் என்பதையும், ஏழுக்குக் கீழே அந்தச் செலவு கிணற்றில் போட்ட கல்லாக ஆழத்துக்குப் போய்விடுகிறது என்பதையும் இந்தப் பித்துப் பிடித்தவர்கள் அத்தனை பேரும் நன்றாக அறிவார்கள், அறிந்தும் விடுவதில்லை.

ஜப்பானிய ஷிமானோ நிறுவனம் கியர், பிரேக், கிராங்க், செயின் முதலியவற்றை ஒரு தொகுதியாக விற்கிறது. சாலைச் சைக்கிளுக்கான அதன் மேல்மூன்று தரங்களுக்கு 105, அல்டெக்ரா, டூரா-ஏஸ் என்று பெயர். மின்சாரத்தால் கியர் மாறுவதும், டிஸ்க் பிரேக் உள்ளதும், பின்சக்கரத்தில் 12 பற்சக்கரங்கள் கொண்டதுமான அண்மைய தொகுதிகளை எடுத்துக்கொண்டால், இவை முறையே ஏறக்குறைய 3 கிலோ, 2.7 கிலோ, 2.45 கிலோ நிறுக்கின்றன. இரண்டு படிகளிலும் குறைகிற எடை கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டாவது படிக்குக் கேட்கிற பணமோ முதற்படிக்குக் கேட்பதைவிட மிகவும் அதிகம். கியர் மாறுகிற நயத்தில் அல்டெக்ராவுக்கும் டூரா-ஏஸுக்கும் உள்ள பேதத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டினால் சொல்ல முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான் (கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதை நான் சிபாரிசு செய்யவில்லை). எடையில் உள்ள பேதத்திலோ ஏறக்குறைய 90 கிராம், கேஸட் என்ற பின்பற்சக்கர அடுக்கில் மட்டும் ஒளிந்திருக்கிறது: உயர்ந்த தரத்தில் பெரிய பற்சக்கரங்களை எஃகுக்குப் பதிலாக டைட்டேனியத்தில் செய்கிறார்கள். கேஸட்டோ தேய்ந்து போகிற சாமான். செயின் உராய்ந்து உராய்ந்து பல் கூர்மையானதும் கழற்றி எறிய வேண்டியதுதான். ஒரு முறை கொடுத்த சேதாரத்தைச் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கும்படி நேரிடுகிற இந்த ஏற்பாட்டை, விற்கிறவர்கள் யாரும் விளம்பரத்தில் விவரிப்பதில்லை.

ஆகவே கிராமுக்கு என்ன விலை என்று கேட்பது நல்ல பழக்கம். நண்பருடைய போல்ட்டுக்குக் கிராம் ஒன்றுக்கு 140 ரூபாய்க்கு மேல் விழுந்திருக்கிறது. சாதாரண ரப்பர் ட்யூபை எடுத்துவிட்டு, அதே ரப்பரில் மெல்லியதாக வார்த்த ட்யூபைப் போட்டால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 50, 60 கிராம் குறையும். கிராமுக்குச் சில ரூபாய்க்கு மேல் ஆகாது. ஓரத்தில் எஃகுக் கம்பி வைத்த டயரை விட்டு, மடித்துப் பையில் வைக்கக்கூடிய இழை ஓரமுள்ள டயருக்கு மாறினால் டயர் ஒன்றுக்கு 50 கிராமாவது போகும். அதோடு கூடவே நல்ல ரப்பரும் கிடைப்பதனால் சாலையில் உருளுகிற தடையும் குறைகிறது. இப்படி ஒரே சாமானில் இரண்டு நன்மை கிடைக்கும் இடங்கள் இந்தக் கடைத்தெருவில் மிகச் சொற்பம்.

இனி, குறைந்த கிராம் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஏனென்றால் வாங்கியது மலிவா கிராக்கியா என்பது, வாங்கிய சரக்கு எதற்கு உபயோகம் என்பது தெரிந்த பிறகுதான் தீர்மானமாகும். பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஆல்ப் துவெஸ் என்ற ஏற்றம், 1952இல் ஃபௌஸ்டோ கோப்பி என்ற பந்தய வீரர் முதன்முதலாக அங்கே வென்றது முதல், உலகத்துச் சைக்கிள்காரர்கள் அனைவரும் தங்களை உரைத்துப் பார்க்கும் கல்லாகிவிட்டது. 21 கொண்டை ஊசி வளைவுகள், 13.8 கிலோமீட்டர் தூரம். சராசரிச் சரிவு 100 மீட்டருக்கு 8 மீட்டர். ஏறும் உயரம் 1,100 மீட்டரை ஒட்டியது. ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ உள்ள ஒருவர் இதை ஒரு மணி நேரத்தில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொழில்முறை வீரரல்லாதவருக்கு இது வெகு நல்ல வேகம். அவர் உழைப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பூமியின் ஈர்ப்பை எதிர்த்துக் கனத்தைத் தூக்குவதிலேயே செலவாகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், அவருடைய சைக்கிளில் ஒரு கிலோ முழுசாகக் குறைந்தால் உச்சிக்கு ஏறக்குறைய 40 விநாடி முன்னதாகப் போய்ச் சேருவார். அல்டெக்ராவை விட்டு டூரா-ஏஸுக்குப் போனால் பத்துப் பதினோரு விநாடி. என் நண்பருடைய ஆறு போல்ட்டுகளும் சேர்ந்து சம்பாதித்துத் தருவது ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. ஏற்காட்டு மலைப்பாதை வளைவுகளில் ஆல்ப் துவெஸுக்கு ஒன்று குறைவு, இருபதுதான். உயரமும் ஏறக்குறைய அதே அளவு. ஆகையால் இங்கேயும் அதே மூன்றில் ஒரு பங்குதான்.

இது ஏற்றத்தின் கணக்கு. சமதளச் சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அதே ஒரு முழுக் கிலோ குறைந்தாலும், ஒரு மணி நேரத்தில் மூன்று விநாடிதான் மிச்சமாகும். அங்கே எதிரி கனமல்ல, காற்று. வேகம் அந்த அளவுக்கு வந்துவிட்டால் சைக்கிள்காரர் படும் பிரயாசையில் முக்கால் பங்குக்கு மேல் காற்றைக் கிழிப்பதிலேயே போகிறது. அந்தக் காற்றும் சைக்கிளைவிட அதன் மேல் உட்கார்ந்திருக்கும் மனித உடம்பின் மீதுதான் பெரும்பாலும் மோதுகிறது. காற்றைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது என்பதுதான் இதில் உள்ள சங்கடம். தராசில் வைக்கக்கூடியதையே மனிதன் எளிதில் நம்புகிறான், ஒரு கடைக்காரர் சீட்டைக் கையில் கொடுத்து "எவ்வளவு இலேசு, பாருங்க!" என்று சொல்ல முடிகிறதே தவிர, முதுகை இன்னும் கொஞ்சம் வளைத்துக் குனியுங்கள் என்பதைப் பெட்டியில் போட்டு விற்க முடிவதில்லை.

இந்த உண்மை உலகத்துக்குத் துலங்கிய விதம் ஒரு சரித்திரமாகவே இருக்கிறது. 1972 அக்டோபர் 25ஆம் தேதி, பெல்ஜியத்தைச் சேர்ந்த எடி மெர்க்ஸ், கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலான உயரத்திலுள்ள மெக்ஸிகோ நகரின் ஓட்டத்திடலில், ஒரு மணி நேரத்தில் மனிதன் சைக்கிளில் போகக்கூடிய தூரம் எவ்வளவு என்ற பழைய பரீட்சைக்கு இறங்கினார். அவருக்காக இத்தாலிய நிபுணர் எர்னெஸ்டோ கோல்னாகோ செய்து கொடுத்த சைக்கிள், எஃகுக் குழாயினால் ஆன பிரேம் கொண்டதாயிருந்தும், 5.75 கிலோதான். ஸ்டெம் டைட்டேனியம், ஹாண்டில்பாரில் துளைகள், செயினின் ஒவ்வொரு கண்ணியிலும்கூடத் துளை. கம்பளத்தில் பூச்சி அரித்தது போல உலோகத்தில் துளையிடுகிற இந்த மோகம் அந்தப் பத்தாண்டில் எங்கும் பரவி, ட்ரில்லியம் என்று அதற்கு ஒரு பரிகாசப் பெயரும் ஏற்பட்டது. மெர்க்ஸ் அன்று 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். அந்தச் சைக்கிளைப் பிரஸ்ஸல்ஸ் நகரில் அவர் பெயராலேயே வழங்குகிற மெட்ரோ ரயில் நிலையத்தில், வேலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் பார்த்துக்கொண்டே கடந்து போகும்படி கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

பன்னிரண்டாவது வருஷம், 1984 ஜனவரியில், அதே மெக்ஸிகோ நகரில் பிரான்செஸ்கோ மோஸர் என்ற இத்தாலியர், மெர்க்ஸின் சைக்கிளைவிடக் கனமான ஒன்றில் ஏறினார். கம்பிகள் காற்றைக் கடைந்து வீணாக்குகின்றன என்ற விஞ்ஞானிகளின் யோசனைப்படி, கம்பியே இல்லாமல் தட்டுப் போல மூடிய சக்கரங்களை அவர் பூட்டியிருந்தார். சில தினங்கள் இடைவெளியில் இரண்டு முறை முயன்று, 51.151 கிலோமீட்டர் வரைக்கும் போனார். துளை போட்டுக் குறைத்த கிராம்களுக்குக் கிட்டாத தூரம், கனத்தைக் கூட்டிக் காற்றை ஏய்த்த சக்கரத்துக்குக் கிட்டியது.

இதற்கு மேலும் ஒரு நிரூபணம் தற்செயலாகவே கிடைத்தது. இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் 1996இல் மான்செஸ்டரில், கைகளை முன்னே நீட்டிப் பறப்பவரைப் போலப் படுத்த நிலையில், நவீன வடிவமுள்ள சைக்கிளில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். பிறகு சர்வதேசச் சைக்கிள் சம்மேளனம், யந்திரமே ஜயிப்பதை விரும்பாமல், மெர்க்ஸ் காலத்துச் சைக்கிளைப் போன்ற வட்டக் குழாய்ப் பிரேமும் கம்பிச் சக்கரமும் உள்ளதிலேதான் இனி இந்தப் பரீட்சை நடக்க வேண்டும் என்று விதித்தது. 2000ஆம் வருஷத்தில் அதே போர்ட்மன் அதே நகரில் அந்த விதிப்படி ஓட்டியபோது 49.441 கிலோமீட்டர் வந்தது. மெர்க்ஸைவிடப் பத்தே மீட்டர் அதிகம். ஒரே மனிதருடைய இரண்டு ஓட்டங்களுக்கு இடையே வந்த ஏழு கிலோமீட்டரை விழுங்கியது பெரும்பாலும் காற்றுதான். நான்கு வருஷ வயது மிகுதியையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். கனத்தைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை.

கனமே கூடாது என்று ஒரேயடியாகச் சொல்வதற்கும் இடமில்லை. 1947இல் டூர் டி பிரான்ஸை வென்ற ழான் ரோபிக் சிறு உருவினர். ஏற்றத்தில் பறப்பார், இறக்கத்தில் இலேசான உடம்பைக் காற்று பிடித்துக்கொள்ள, பின்தங்கிவிடுவார். 1953இல் அவர் மலையுச்சியில் தண்ணீர்ப் புட்டிக்குப் பதிலாக ஈயம் நிரப்பிய புட்டியை வாங்கி வைத்துக்கொண்டு இறங்கினார். அதேபோல, கியர் மாற்றும் கருவி சைக்கிளுக்குக் கனத்தைக் கூட்டுகிறதே ஒழியக் குறைப்பதில்லை. ஆயினும் 1937இல் டூர் பந்தயத்தில் அதற்கு அனுமதி கிடைத்த பின்பு அது இல்லாமல் எவரும் மலையேற முன்வரவில்லை.

2000ஆம் வருஷம் முதல் பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்றும் சம்மேளனம் விதித்திருக்கிறது. எடை போதாத சைக்கிளுக்கு மெக்கானிக்குகள் கனத்தைச் சேர்த்துக் கட்டிய விநோதத்தை அந்த விதி உண்டாக்கியது. இப்போதோ காற்றை ஏய்க்கும் தடித்த குழாய்களும் டிஸ்க் பிரேக்கும் வந்து இடத்தை அடைத்துக்கொண்டதால், பெரும் பந்தய வீரர்கள் பலருடைய சைக்கிள் 7 கிலோவைத் தாண்டியே நிற்கிறது. உலகத்திலேயே தேர்ந்த கால்கள் அந்தக் கனத்தோடு மலையேறுகின்றன என்பதை, சனி ஞாயிறுகளில் மட்டும் ஓட்டுகிறவர்கள் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

எனினும் கிராமை எண்ணுவது அர்த்தமுள்ள வேலையாக இருக்கும் ஓரிடம் உண்டு. இங்கிலாந்தில் 1944 முதல் தேசிய மலையேற்றப் போட்டி என்ற ஒன்று நடந்து வருகிறது. குறுகிய செங்குத்தான ஏற்றம் ஒன்றை ஒருவர் பின் ஒருவராகத் தனித்தனியே ஏற வேண்டும், சில நிமிஷ வேலை, விநாடியின் பின்னங்களில் வெற்றி தோல்வி நிர்ணயமாகும், 6.8 கிலோ விதியும் அங்கே இல்லை. போட்டியாளர்கள் ஹாண்டில்பாரின் கீழ்வளைவு இந்தச் சில நிமிஷத்துக்கு எதற்கு என்று இரும்பறுக்கும் வாளால் அறுத்துவிடுகிறார்கள். அதில் சுற்றிய பட்டையை உரித்துவிடுகிறார்கள். தண்ணீர்ப் புட்டி மாட்டும் கூட்டையும் முன்பக்கத்து இரண்டாவது பற்சக்கரத்தையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். அவர்களிடம் எனக்குள்ள மரியாதை, அவர்கள் குறைப்பதில் பாதியாவது சேதாரமில்லாமல் குறைவதனால் ஏற்பட்டது. வாளின் விலை எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கொடுத்தது.

சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுழலுகிற இடத்தில் குறைகிற ஒரு கிராம் மற்ற இடத்தில் குறைகிற இரண்டு கிராமுக்குச் சமம் என்று சைக்கிள்காரர்களிடையே ஒரு வேதவாக்கு உலவுகிறது. ரிம்மின் ஓரத்தைப் பொறுத்தவரையில், வேகம் பிடிக்கிற கணத்துக்கு மட்டும், அது மெய். ஒரே சீரான வேகத்தில் மலையேறும்போது ரிம்மிலுள்ள கிராமும் சீட்டிலுள்ள கிராமும் ஒன்றுதான். வேகம் பிடிக்கையில் கனமான சக்கரம் வாங்கி வைத்துக்கொண்ட சக்தியும் எங்கும் போய்விடுவதில்லை; பிரேக்கைப் பிடித்து நாமே அதைக் கரியாக்கினாலொழிய, உருளுவதில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. என்றாலும், ஆரம்பநிலைச் சைக்கிளோடு வருகிற 2 கிலோச் சக்கர ஜோடியை விட்டு ஒன்றரைக் கிலோவில் உறுதியாகப் பின்னிய அலுமினியச் சக்கரத்துக்கு மாறுவது, நான் பார்த்த வரையில், பணத்துக்குப் பழுதில்லாத காரியம். அதற்கு மேல் இன்னும் ஒரு நூறு நூற்றைம்பது கிராமுக்காகக் கார்பன் சக்கரத்துக்குப் போகிறவர் அந்த அரைக் கிலோவுக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு கொடுக்கிறார். காற்றை ஏய்க்கும் ஆழமான ரிம்முக்காக அதைக் கொடுத்தால் நியாயம் உண்டு. எடைக்காகவே கொடுத்தால் கொலுசுக்காரர் சிரிப்பார்.

இலேசான உறுப்புகள் முறிவதைப் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். நல்ல தயாரிப்பாளர் செய்த டைட்டேனியம் போல்ட்டுக்கு ஸ்டெம்மைப் பிடிக்கும் பலம் உண்டு. பலவீனமான அலுமினிய போல்ட்டை அந்த இடத்தில் போடுவதுதான் உயிரோடு விளையாடுவது. எஃகு, டைட்டேனியம், அலுமினியம் மூன்றில் அதுவே மிக இலேசானது என்பதால் ஆசை காட்டும். மற்றபடி, முறிவுகளில் பல, உறுப்பின் குற்றத்தால் வருகிறவை அல்ல; முடுக்குகிற கையின் குற்றத்தால் வருகிறவை. ஸ்டெம் போல்ட்டைப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லி நின்றுவிடுகிற முறுக்குவிசைச் சாவி ஒன்று உண்டு. நண்பர் போல்ட்டுக்குக் கொடுத்த பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் அதை வாங்கியிருக்கலாம் என்று நான் அன்றைக்கே சொன்னேன். அது சைக்கிளின் எடையில் ஒரு கிராமையும் குறைக்காது என்று அவர் பதில் சொன்னார். மறுக்க முடியாத வாதம்.

அன்றிரவே சாதாரணச் சாவியால் முடுக்கியிருக்கிறார். ஐந்து நன்றாக அமர்ந்துவிட்டன. ஆறாவது, மசகு தடவாமல் முடுக்கியதனாலோ கையின் அவசரத்தாலோ, பாதியில் பிடித்துக்கொண்டு, திருகத் திருகத் தலைக்குழியின் மூலைகள் மழுங்கிப் போயின. ஒரு பழைய மெக்கானிக் அரை மணி நேரம் பாடுபட்டு அதை எடுத்துக் கொடுத்தார். கூலி 150 ரூபாய். புதிதாக ஒற்றை போல்ட் விற்பதில்லை, ஆறாகத்தான் தருவார்கள். ஆகவே மேசை இழுப்பறையில் கிடந்த பழைய எஃகு போல்ட்டுகளில் ஒன்று திரும்பவும் வேலைக்கு வந்து, ஐந்து சாம்பல் நிறத் தலைகளுக்கு நடுவில் ஒரு கறுப்புத் தலையாக நிற்கிறது. அந்தக் கோலத்திலேயே மூன்று முறை ஏற்காடு ஏறிவிட்டார். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மட்டும் போகவில்லை.